ஒரு வாரம் விடாமல் பனி கொட்டினால்: வீட்டோடு இருந்து சமாளிக்க முழுமையான வழிகாட்டி

பனிப்பொழிவின் முதல் நாள் யாருக்கும் கஷ்டமாக இருப்பதில்லை. ஜன்னலோரம் நின்று வேடிக்கை பார்க்கிறோம், படம் எடுக்கிறோம், குழந்தைகள் வெளியே ஓடத் துடிக்கிறார்கள். மூன்றாம் நாள் காலையில் வாசல் கதவைத் தள்ளினால் அது நகராது. நிஜமான வேலை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

முதன்முதலாக ஒரு வாரப் பனியில் மாட்டியபோது, "நின்ற பிறகு ஒரேயடியாக அள்ளிக்கொள்ளலாம்" என்று விட்டுவிட்டேன். ஐந்தாம் நாள் பனி அள்ளும் ஷவலை இறக்கினால் மேலே ஒரு சாண் ஆழம்தான் மெத்தென்று போனது. அதற்குக் கீழே கல்லில் பட்டதுபோல 'ணங்' என்று நின்றது. காரணம் எளிது. புதிதாக விழுந்த உலர்ந்த பனி, கன மீட்டருக்கு 50 முதல் 100 கிலோதான் இருக்கும். அதே பனி சில நாள் அமுங்கிக் கிடந்தால் 200, 300 கிலோ ஆகிவிடும். நடுவில் ஒரு மதியம் கொஞ்சம் உருகி, இரவில் திரும்ப உறைந்தால் இன்னும் மோசம். ஆகவே கீழே சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான்: பனி நிற்கும்வரை காத்திருக்காதீர்கள். சின்னச் சின்ன வேலையாக, அடிக்கடி செய்யுங்கள்.

பனி தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்

முதலில் ஷவலை வீட்டுக்குள் கொண்டுவந்து வாசலுக்குப் பக்கத்தில் வையுங்கள். தோட்டத்துக் கொட்டகையிலோ கார் நிற்கும் இடத்திலோ இருந்தால், அதை எடுக்கப் போகவே பாதை வெட்ட வேண்டியிருக்கும். வீட்டில் உள்பக்கமாகத் திறக்கும் கதவு எது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். வெளிப்பக்கமாகத் திறக்கும் கதவைப் பனி அடைத்துவிட்டால், உள்பக்கம் திறக்கும் கதவோ ஜன்னலோதான் வழி.

அடுத்து, தண்ணீரின் மெயின் வால்வு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். கண்டுபிடித்தால் மட்டும் போதாது, ஒருமுறை மூடித் திறந்து பாருங்கள். பல வருடம் தொடாத வால்வு இறுகிப் போயிருக்கும். வீட்டில் உள்ள பெரியவர்கள் எல்லாருக்கும் அந்த இடத்தைக் காட்டிவிடுங்கள்.

குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு சுமார் 4 லிட்டர் தண்ணீர் என்று கணக்கு. நான்கு பேருக்கு ஏழு நாளைக்கு 112 லிட்டர். பெரிய அளவாகத் தெரியும், ஆனால் வீட்டில் இருக்கும் பெரிய பாத்திரங்களையும் பாட்டில்களையும் கழுவி நிரப்பினாலே பாதி வந்துவிடும். மாத்திரை மருந்துகள் குறைந்தது பத்து நாளைக்கு இருக்கட்டும். இன்சுலின் எடுப்பவர்கள் வீட்டில் ஒரு விஷயம்: அது உறைந்துவிட்டால் திரும்ப உருகினாலும் பயன்படுத்தக் கூடாது. கரண்ட் போய்விட்டதே என்று ஜன்னலுக்கு வெளியே வைத்துவிடாதீர்கள்.

சாப்பாட்டில் பாதியாவது அடுப்பு மூட்டாமல் சாப்பிடக் கூடியதாக இருக்கட்டும். டின்னில் அடைத்ததை வாங்கினால், டின் திறக்கும் கருவி கையால் திருகுவதாக இருக்கிறதா என்று பாருங்கள். டார்ச், பேட்டரி, முழுதாக சார்ஜ் ஏற்றிய பவர் பேங்க், பேட்டரியில் ஓடும் ரேடியோ, இவை எல்லாம் ஒரே இடத்தில், இருட்டில் தடவினால் கிடைக்கிற மாதிரி இருக்க வேண்டும்.

நடைபாதையின் இரண்டு ஓரங்களிலும் உயரமான குச்சிகளை நட்டு வையுங்கள். நான்காம் நாள் எல்லாம் ஒரே வெள்ளையாகக் கிடக்கும்போது, எது பாதை, எது பூச்செடிப் பாத்தி, எங்கே படி என்று அந்தக் குச்சிதான் சொல்லும்.

வீடு மூச்சு விடும் குழாய்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் என்றால், இதைப் படியுங்கள்.

எரிவாயுவில் ஓடும் ஹீட்டர், பாய்லர் உள்ள வீடுகளில், வெளிச்சுவரில் கையளவு அகலத்தில் ஒரு குழாயோ இரண்டு குழாய்களோ நீட்டிக்கொண்டிருக்கும். பெரும்பாலும் வெள்ளை பிளாஸ்டிக். ஒன்று காற்றை உள்ளே இழுக்கும், ஒன்று புகையை வெளியே தள்ளும். பல வீடுகளில் அது தரையிலிருந்து முழங்கால் உயரம்கூட இருக்காது. ஒரு வாரப் பனியில், அதிலும் காற்று சுவரோரமாகப் பனியைக் குவித்தால், மூன்றாம் நாளே அது மூடிப்போகும். மூடினால் சில ஹீட்டர்கள் தாமாக நின்றுவிடும். சிலவற்றில் புகை வீட்டுக்குள் திரும்பும்.

அந்தப் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். அறிகுறிகள் சாதாரணக் காய்ச்சல் மாதிரிதான் தொடங்கும்: தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், அசதி. வீட்டில் எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் தலை வலிக்கிறது, வெளியே போய் நின்றால் குறைகிறது என்றால் அதைக் காய்ச்சல் என்று நினைக்காதீர்கள். எல்லாரையும் வெளியே கூட்டிக்கொண்டு போய், அங்கிருந்து அவசர உதவிக்கு அழையுங்கள். ஜன்னலைத் திறந்துவிட்டுப் படுத்துக்கொள்ளலாம் என்பது ஆபத்தான யோசனை. தூக்கத்திலேயே உயிர் போகக்கூடிய விஷம் அது.

செய்ய வேண்டியது இதுதான். பனி வருவதற்கு முன்பே அந்தக் குழாய் எங்கே என்று பார்த்து, பக்கத்தில் ஒரு குச்சி நட்டு வையுங்கள். பனி பெய்யும் நாட்களில் காலையும் மாலையும், பலமாகக் கொட்டினால் இரவு படுக்கும் முன்பும், அதைச் சுற்றி நன்றாக ஒதுக்குங்கள். ஷவலால் குத்தாதீர்கள், குழாய் உடையும். கையாலோ துடைப்பத்தாலோ தள்ளுங்கள். எரிவாயு மீட்டரையும் அப்படியே செய்யுங்கள். படுக்கையறைகளுக்கு அருகே பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்க வேண்டும். அதன் பொத்தானை அழுத்தி ஒலிக்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள்.

அப்புறம், குளிர் தாங்கவில்லை என்று கரி அடுப்பையோ, வெளியில் வைத்துச் சமைக்கும் கிரில்லையோ வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். சமையல் அடுப்பை அறை சூடாக்கப் பற்றவைக்காதீர்கள். ஜெனரேட்டர் வீட்டிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி, கதவு ஜன்னல் பக்கம் புகை வராதபடி இருக்க வேண்டும். கார் ஷெட்டின் கதவைத் திறந்துவிட்டு உள்ளே ஜெனரேட்டரை ஓட்டலாம் என்பதும் கூடாது. காரை ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் பின்புறப் புகைக்குழாயைச் சுற்றி அள்ளுங்கள். குழந்தைகளைச் சூடான காருக்குள் உட்கார வைத்துவிட்டு வெளியே அள்ளிக்கொண்டிருந்தபோது உயிர் போன சம்பவங்கள் உண்டு. புகைக்குழாய் பனியில் புதைந்திருந்ததுதான் காரணம்.

அள்ளும் வேலை

பனி பெய்துகொண்டிருக்கும்போதே அள்ள வேண்டும். ஒரு சாண் சேர்ந்ததும் ஒருமுறை என்று வைத்துக்கொண்டால் ஒவ்வொரு முறையும் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். "இப்போது அள்ளினால் திரும்பவும் விழுமே" என்று தோன்றும். விழட்டும். மூன்று முறை லேசாக அள்ளுவது, ஒருமுறை கனமாக அள்ளுவதைவிட முதுகுக்கும் இதயத்துக்கும் நல்லது.

இதயம் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்கும், ரத்த அழுத்தம் ஏறும். அந்த நேரத்தில் கைகளால் பாரம் தூக்குகிறோம், தூக்கும்போது மூச்சையும் பிடித்துக்கொள்கிறோம். பழக்கமில்லாத உடம்புக்கு இது பெரிய சுமை. இதயக் கோளாறு, ரத்த அழுத்தம் உள்ளவர்களும், வருடம் முழுக்க உட்கார்ந்தே வேலை செய்பவர்களும் இந்த வேலையை வேறு யாரிடமாவது விடுவதே நல்லது. அள்ளும்போது நெஞ்சில் அழுத்தம், தாடையிலோ கையிலோ வலி, காரணமில்லாத வியர்வை என்று எது வந்தாலும் ஷவலை அங்கேயே போட்டுவிட்டு அவசர உதவிக்கு அழையுங்கள்.

வெளியே போகும் முன் வீட்டுக்குள்ளேயே ஐந்து நிமிடம் கை கால்களை அசைத்துச் சூடாக்குங்கள். வயிறு நிறையச் சாப்பிட்ட உடனே போக வேண்டாம். முடிந்தவரை பனியைத் தூக்காமல் தள்ளுங்கள். தூக்கித்தான் ஆகவேண்டும் என்றால் பாதி ஷவல் மட்டும் எடுங்கள், முழங்காலை மடக்கி எழுந்திருங்கள். இடுப்பை முறுக்கித் தோளுக்குப் பின்னால் வீசாதீர்கள், கொட்ட வேண்டிய பக்கம் பாதத்தையே திருப்பிக்கொள்ளுங்கள். ஈரப்பனி ஷவலில் அப்பிக்கொண்டு விழாமல் அடம்பிடிக்கும். ஷவலின் மேல் மெழுகுவர்த்தியை நன்றாகத் தேய்த்துவிட்டால் வழுக்கிக்கொண்டு போகும். பதினைந்து இருபது நிமிடத்துக்கு ஒருமுறை உள்ளே வந்து தண்ணீர் குடியுங்கள். குளிரில் தாகம் தெரியாது, ஆனால் உடம்பு தண்ணீரை இழந்துகொண்டுதான் இருக்கும்.

ஒருநாள் பனிக்கும் ஒரு வாரப் பனிக்கும் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு: எங்கே கொட்டுகிறோம் என்பது. முதல் நாள் பாதை ஓரத்திலேயே குவித்துவிட்டால், நான்காம் நாள் இரண்டு பக்கமும் இடுப்புயரச் சுவர் எழும்பி, பாதை குறுகி, மேற்கொண்டு கொட்ட இடமே இருக்காது. பனி லேசாக இருக்கும் முதல் நாளிலேயே தேவைக்கு மேல் அகலமாக ஒதுக்கி, முடிந்த அளவு தூரத்தில் கொட்டுங்கள். காற்று வீசும் திசைக்கு எதிராக வீசாதீர்கள். வீட்டுச் சுவரை ஒட்டிக் குவிக்காதீர்கள், உருகும்போது அந்தத் தண்ணீர் அடித்தளத்துக்குள் இறங்கும். சாலையைச் சுத்தம் செய்யும் வண்டி போனபின் உங்கள் வாசல் முகப்பில் ஒரு வரப்பு விழும். அது உப்பும் சேறும் கலந்த ஈரப்பனி, சில மணி நேரத்தில் பாறையாகிவிடும். வண்டி போன உடனே அதை மட்டுமாவது எடுத்துவிடுங்கள்.

உப்பு, பனியை அள்ளியபின் மிச்சத்தை உருக்கப் போடுவது. கனமான பனி மேல் கொட்டினால் வீண். சாதாரண உப்பு மைனஸ் 9, 10 டிகிரிக்குக் கீழே போனால் மிக மெதுவாகத்தான் வேலை செய்யும். அவ்வளவு குளிரில் மணலைத் தூவுங்கள், உருகாவிட்டாலும் கால் வழுக்காது. நடக்கும்போது சின்ன அடியாக, பாதம் முழுதும் தரையில் படும்படி வையுங்கள். கைகள் பாக்கெட்டுக்குள் இருக்க வேண்டாம்.

தண்ணீர்க் குழாய் உறையாமல்

தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரிகிறது. குழாய் வெடிப்பது பெரும்பாலும் உறைந்த இடத்தில் அல்ல. பனிக்கட்டி அடைப்புக்கும் மூடியிருக்கும் குழாய் வாய்க்கும் நடுவே மாட்டிக்கொண்ட தண்ணீர் அழுத்தம் ஏறி, பலவீனமான இடத்தைக் கிழிக்கிறது. இது புரிந்தால், ஏன் குழாயைக் கொஞ்சம் திறந்துவைக்கச் சொல்கிறார்கள் என்பதும் புரியும். தண்ணீர் ஓடுவதைவிட அழுத்தம் வெளியேற வழி இருப்பதுதான் முக்கியம்.

வெளிச்சுவரை ஒட்டிப் போகும் குழாய்களே முதலில் உறையும். சமையலறைத் தொட்டிக்குக் கீழே இருக்கும் அலமாரிக் கதவை இரவு முழுக்கத் திறந்து வையுங்கள், அறையின் சூடு உள்ளே போகட்டும். அங்கே சோப்பு, ரசாயனம் எதையாவது வைத்திருந்தால் குழந்தைகள் கைக்கு எட்டாமல் மாற்றிவிடுங்கள். வெளியே மைனஸ் 6, 7 டிகிரிக்குக் கீழே போகும் இரவுகளில் அந்தத் தொட்டியின் குழாயை நூல்போல ஒழுகவிடுங்கள். ஆளில்லாத அறைதானே என்று ஹீட்டரை முழுக்க அணைக்காதீர்கள். வீட்டின் எந்த மூலையும் 13 டிகிரிக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

காலையில் குழாயைத் திறக்கிறீர்கள். ஒரு இருமல் சத்தம், இரண்டு சொட்டு, அப்புறம் ஒன்றும் இல்லை. உறைந்துவிட்டது என்று அர்த்தம். குழாயைத் திறந்தபடியே விடுங்கள். முடி உலர்த்தும் டிரையரையோ வெந்நீரில் நனைத்த துண்டையோ கொண்டு, தண்ணீர் வரும் வாய்ப்பக்கத்திலிருந்து உள்நோக்கிச் சூடாக்குங்கள். நடுவில் சூடாக்கினால் உருகிய தண்ணீருக்கு வெளியேற வழி இருக்காது. நெருப்பைக் காட்டவே கூடாது. தரையில் தண்ணீர் தேங்கியிருந்தால் டிரையரையும் தொடாதீர்கள்.

ஹீட்டர் முழுதாக நின்று, சீக்கிரம் வராது என்று தெரிந்தால் மெயின் வால்வை மூடி, வீட்டின் மிகத் தாழ்வான குழாயைத் திறந்து தண்ணீரை வடித்துவிடுங்கள். காலியான குழாய் வெடிக்காது.

கரண்ட் போனால்

வீடு முழுவதையும் காப்பாற்ற நினைக்காமல் ஒரே ஒரு அறையைத் தேர்ந்தெடுங்கள். சின்ன அறை, வெயில் விழும் ஜன்னல் இருந்தால் இன்னும் நல்லது. மற்ற கதவுகளை மூடி, கீழே உள்ள இடுக்குகளில் துண்டைச் சுருட்டி வையுங்கள். எல்லாரும் அங்கேயே இருங்கள், அங்கேயே தூங்குங்கள். பகலில் வெயில் பக்கத் திரையைத் திறந்து, சாய்ந்ததும் மூடுங்கள்.

வெளிச்சத்துக்கு டார்ச் போதும். தண்ணீர் நிரம்பிய பாட்டிலுக்கு அடியில் டார்ச்சை மேல்நோக்கி வைத்தால் அறை முழுக்க மெல்லிய வெளிச்சம் பரவும். கம்பளிகளும் திரைகளும் நிறைந்த சின்ன அறையில் மெழுகுவர்த்தி வேண்டாம். கரண்ட் விட்டுவிட்டு வருகிறது என்றால், தரையில் வைக்கும் ஹீட்டரிலிருந்து படுக்கை, துணி எல்லாம் ஒரு மீட்டர் தள்ளி இருக்கட்டும். அதை எக்ஸ்டென்ஷன் வயரில் போடாமல் நேராகச் சுவர் பிளக்கில் போடுங்கள்.

ஃப்ரிட்ஜைத் திறக்காமல் இருந்தால் சுமார் 4 மணி நேரம் குளிர் நிற்கும். நிறைந்த ஃப்ரீசர் 48 மணி நேரம், பாதி நிறைந்தது 24 மணி நேரம். வெளியேதான் இவ்வளவு பனி இருக்கிறதே என்று உணவைப் பனிக்குள் புதைத்து வைக்கத் தோன்றும். வேண்டாம். வெயில் பட்டால் வெளிக்குளிர் ஏறி இறங்கும், விலங்குகளும் வரும். அதற்குப் பதிலாக டப்பாக்களில் தண்ணீர் நிரப்பி வெளியே உறையவைத்து, அந்தக் கட்டிகளை ஃப்ரிட்ஜுக்குள் கொண்டுவந்து வையுங்கள்.

தண்ணீரும் நின்றுவிட்டால் பனியை உருக்கிக் கழிவறைக்குப் பயன்படுத்தலாம். புதுப் பனி பத்து வாளி உருகினால் ஒரு வாளி தண்ணீர் கிடைக்கும், அவ்வளவுதான். பாத்திரத்தின் அடியில் முதலில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிவிட்டுப் பனியைப் போடுங்கள், இல்லையென்றால் அடி தீயும். குடிக்க வேண்டிய நிலை வந்தால் மேலாகக் கிடக்கும் சுத்தமான புதுப் பனியை மட்டும் எடுத்து, ஒரு நிமிடமாவது தளதளவென்று கொதிக்கவிடுங்கள். பனியை அப்படியே தின்னக் கூடாது, உடம்புச் சூட்டை இறக்கிவிடும். செல்போனை மேஜையில் விடாமல் சட்டையின் உள்பாக்கெட்டில் வையுங்கள். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும்.

கூரை

30 சென்டிமீட்டர் ஈரப்பனி ஒரு சதுர மீட்டருக்கு 100 கிலோவைத் தொடலாம். நன்கு சரிந்த கூரையில் தானாக வழுக்கி விழும், தட்டையான கூரையில் சேர்ந்துகொண்டே போகும். உள்கதவுகள் திடீரென்று இறுகுவது, கூரைச் சந்திப்பில் புது விரிசல், மரம் முனகும் சத்தம், இவை எச்சரிக்கை. அப்படித் தெரிந்தால் எல்லாரும் வெளியேறுங்கள். நீங்களாகக் கூரைமேல் ஏற வேண்டாம். நீளக் கைப்பிடி உள்ள பனி வாரியால் தரையில் நின்றபடி விளிம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துவிடலாம், நேர் கீழே நிற்காமல்.

உடம்பு

பருத்தி ஈரத்தைப் பிடித்துவைத்து உடம்பைக் குளிரவைக்கும். தோலை ஒட்டிக் கம்பளியோ வியர்வை உலரும் செயற்கைத் துணியோ போடுங்கள். மேலே இன்னொரு அடுக்கு, அதற்கு மேல் காற்று புகாத ஜாக்கெட். கையுறை இரண்டு ஜோடி வேண்டும், ஒன்று காயும்போது மற்றது கையில்.

உடம்பின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் ஆபத்து. நடுக்கம், குழறும் பேச்சு, தடுமாற்றம், குழப்பம் என்று போகும். நடுங்கிக்கொண்டிருந்தவர் நடுக்கம் நின்று அமைதியாகிவிட்டால் தேறிவிட்டார் என்று நினைக்காதீர்கள், நிலைமை மோசமாகியிருக்கிறது. உதவிக்கு அழையுங்கள். ஈரத்துணியைக் களைந்து, கை காலைவிட முதலில் மார்பு, கழுத்து, இடுப்புப் பகுதியைச் சூடாக்குங்கள். நினைவு தெளிவாக இருந்தால் சூடாக எதையாவது குடிக்கக் கொடுக்கலாம். மது கூடாது. அது சூடேறுவதுபோல் தோன்றவைத்து, உள்ளிருக்கும் சூட்டை வெளியேற்றும்.

விரல், மூக்கு, காது வெளுத்து மெழுகுபோல் ஆகி மரத்துப்போனால் பனிக்கடி. தேய்க்காதீர்கள். 37 முதல் 40 டிகிரி வெதுவெதுப்பான நீரில் வைத்துவிட்டு மருத்துவ உதவி தேடுங்கள். மரத்த விரலுக்குச் சூடு தெரியாது, அதனால் நீரின் சூட்டை வேறொருவர் கையால் பார்க்க வேண்டும்.

வயதானவர்கள் "எனக்குக் குளிரவில்லை" என்று சொன்னால் நம்பி விட்டுவிடாதீர்கள். பாதத்தைத் தொட்டுப் பாருங்கள். அவர்களுக்குக் குளிர் உறைப்பது குறைவு. கைக்குழந்தை தூங்கும் இடத்தில் தளர்வான போர்வை வேண்டாம், அடுக்கடுக்கான உடை போதும்.

ஐந்தாம் நாள் வாக்கில் எல்லாருக்கும் எரிச்சல் வரும். எழும் நேரம், சாப்பாட்டு நேரம், வெளியே அள்ளும் நேரம் என்று நாளைப் பிரித்துக்கொண்டால் குறையும். தனியாக இருக்கும் பக்கத்து வீட்டாருக்குத் தினமும் ஒரு குறிப்பிட்ட நேரத்தில் போன் போடுங்கள். ஒருநாள் எடுக்கவில்லை என்றால் போய்ப் பார்க்க வேண்டும் என்பது இரண்டு பக்கமும் முன்பே பேசி வைத்ததாக இருக்கட்டும்.

உருகும்போது

வெயில் வந்ததும் சுவரை ஒட்டிய பனியை ஒன்றிரண்டு மீட்டர் தள்ளி ஒதுக்குங்கள். சாலையோர வடிகால் மூடியின் மேல் கிடக்கும் பனியை ஒதுக்கிவிடுங்கள், தண்ணீர் போக வழி வேண்டும். வீட்டுக்குள் மேற்கூரையில் புதுக் கறை தெரிந்தால் கூரை விளிம்பில் பனிக்கட்டி அணைபோல் நின்று, உருகிய தண்ணீரைப் பின்னால் தள்ளுகிறது என்று அர்த்தம். தொங்கும் பனிக்கூர்களுக்குக் கீழே குழந்தைகளை விளையாட விடாதீர்கள்.

குழாய் எங்காவது வெடித்திருந்தால் அது தெரிவதும் இப்போதுதான். உறைந்திருக்கும்வரை பனிக்கட்டியே அடைப்பாக நிற்கும், உருகிய பிறகே கசியும். வீட்டில் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டுத் தண்ணீர் மீட்டரை அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள். எண் நகர்ந்திருந்தால் மெயின் வால்வை மூடிவிட்டு பிளம்பரைக் கூப்பிடுங்கள். ஷவல் மட்டும் இன்னும் சில வாரம் வாசலுக்கு உள்பக்கமே இருக்கட்டும்.